போதும் என்று யார் சொல்வது

லோமாஸ் ஊர் பௌத்தக் கோயிலில் சுமியே குவஹாராவின் வாய்க்கு ஒரு தனி மரியாதை இருந்தது. அவள் சமையலறைப் பக்கம் வருவது தெரிந்தால் மாதர் சங்கத்துப் பெண்கள் சுஷித் தட்டுகளை அவசரமாக மூடிவைப்பார்கள். ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்து, "வினிகர் தூக்கலா இருக்கு" என்று நாலு பேர் நடுவில் சொல்லிவிடுவாள். வினிகர் தூக்கலாகத்தான் இருக்கும், அதுதான் தொல்லையே. பொய் சொல்கிறவள் என்றால் ஒதுக்கிவிட்டுப் போகலாம். உண்மையை மட்டுமே சொல்கிறவளை என்ன செய்வது?

மற்றவர்கள் அப்படி இல்லை. கலிஃபோர்னியாவின் திராட்சைத் தோட்டங்களில் இரண்டு தலைமுறையாக வெயிலில் காய்ந்தும் லோமாஸ் ஜப்பானியர்களிடம் மரியாதை மட்டும் துளிகூட வற்றவில்லை. விருந்தில் கடைசி சுஷித் துண்டு தட்டில் தனியாகக் கிடக்கும். இருபது பேர் அதைச் சுற்றி நின்று "நீங்க எடுத்துக்குங்க", "ஐயோ, நீங்க எடுத்துக்குங்க" என்பார்கள். அரை மணி நேரம் கழித்து அது குப்பைத் தொட்டிக்குப் போகும். எல்லாரும் பசியோடும் திருப்தியோடும் வீட்டுக்குப் போவார்கள்.

இப்படிப்பட்ட ஊரில்தான் சுமியே போன வருஷம் மேள விஷயத்தில் வாயைத் திறந்தாள்.

ஜூலையில் ஒபோன் வரும். செத்தவர்கள் வீட்டைப் பார்க்க வரும் நாள். கோயில் குரு நொமுரா ஒவ்வொரு வருஷமும், நம் மார்க்கத்து சாஸ்திரப்படி செத்தவர்கள் அப்படியெல்லாம் போய்வருவதில்லை என்று நாற்பது நிமிஷம் விளக்குவார். எல்லாரும் பணிவாகத் தலையாட்டிவிட்டு, வந்திருப்பவர்களுக்காக வாசலில் வட்டமாக ஆடுவார்கள். ரெக்கார்டில் பாட்டு ஓடும். கூடவே பெரிய தைக்கோ மேளம் ஒன்று அதிரவேண்டும். லோமாஸ் கோயிலில் மேளம் கிடையாது. இருபது மைல் தள்ளி கார்வர் கோயிலில் இருந்தது. அதை வருஷா வருஷம் இரவல் வாங்கி வருவார்கள்.

கார்வர் கோயில் தலைவர் ஓகிமோட்டோ மேளத்தைச் சும்மா கொடுத்துவிட மாட்டார். லாரியில் ஏற்றும்போது அது ஜப்பானிலிருந்து கப்பலில் வந்த கதை, யுத்தத்தின்போது அமெரிக்க அரசாங்கம் ஜப்பானியர் எல்லாரையும் முகாமில் அடைத்தபோது கோயில் நிலவறையில் தன்னந்தனியாகக் கிடந்த கதை என்று எல்லாம் சொல்வார். திருப்பிக் கொடுக்கப் போகும்போதும் அதே கதைதான். போன வருஷம் கதை முடிந்தபின் அவர் அடக்கமாக ஒரு வார்த்தை சேர்த்தார்.

"எங்க மேளத்துக்கு இந்த வருஷம் குரல் கொஞ்சம் மங்கிப்போச்சோன்னு ஒரு சந்தேகம்."

இதற்குப் பதில் என்ன என்பது லோமாஸ் ஊர்ப் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். "ஐயையோ, அப்படியெல்லாம் இல்லவே இல்ல" என்று குரு சொன்னார். "கணீர்னு இருந்துச்சு" என்றான் சுமியேயின் புருஷன் மினோரு.

"எங்க கணீர்னு இருந்துச்சு?" என்றாள் சுமியே. "ஈரத்துணியைக் கல்லுல அடிச்ச மாதிரி இருந்துச்சு. தோலு தொங்குது. மாத்துங்க ஓகிமோட்டோ-சான்." பேருக்குப் பின்னால் மரியாதைக்குப் போடும் 'சான்' மட்டும் குறையவில்லை.

ஓகிமோட்டோ சிரித்தார். "உண்மை, உண்மை" என்று தலைகுனிந்து வணங்கினார். அவர் அவ்வளவு நேரம் குனிந்திருந்ததைப் பார்த்தபோதே மினோருவுக்கு விஷயம் கெட்டுப்போனது புரிந்தது.

பிப்ரவரியில் கடிதம் வந்தது. 'எங்கள் மேளத்துக்கு உடல்நிலை சரியில்லை. வரும் ஒபோனுக்கு அது ஓய்வெடுத்துக்கொள்ள விரும்புகிறது. உங்களுடைய அன்பான ஆலோசனைக்கு என்றென்றும் கடமைப்பட்டிருக்கிறோம்.' குரு நொமுரா இதைக் கமிட்டியில் சத்தமாக வாசித்தார். அவளைத் தவிரப் பதினான்கு பேர் இருந்த அறையில் ஒருவரும் சுமியேயைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரே ஒருத்தியைப் பதினான்கு பேர் பார்க்காமல் இருப்பது லேசுப்பட்ட காரியமா? கழுத்து வலித்திருக்கும்.

சுமியேகூட அன்றைக்கு அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மார்ச்சில்தான் அது அவள் தலையில் இடியாக இறங்கியது.

கனாமே ஹிரோசே இறந்துபோனான். திராட்சைக் கொடியைக் கம்பியில் கட்டிக்கொண்டிருந்தவன் அப்படியே உட்கார்ந்தான், எழுந்திருக்கவில்லை. இருபது வருஷமாக ஒபோனில் மேளம் அடித்தவன் அவன்தான். அவன் பெண்டாட்டி யாசுயே சுமியேயின் உயிர்த் தோழி. பன்னிரண்டு வயதில் முகாமில் அடுத்தடுத்த அறையில், ஒரே மெல்லிய பலகைச் சுவருக்கு இரண்டு பக்கமும் படுத்து வளர்ந்தவர்கள். இந்த ஜூலை கனாமேவுக்கு முதல் ஒபோன். செத்தவனுக்கு முதல் ஒபோன் எல்லா வருஷத்தையும்விடப் பெரியது. அந்த முதல் ஒபோனுக்கு மேளம் கிடையாது. காரணம், சுமியேயின் வாய்.

"ரெக்கார்டே தாராளம்" என்றாள் யாசுயே, கமிட்டி அவளிடம் வருத்தம் தெரிவித்தபோது. "என்னால யாருக்கும் சிரமம் வேண்டாம். நிஜமாவே தாராளம்."

யாசுயே ஒரு விஷயத்தைத் தாராளம் என்றால் அது அவளுக்குத் துளியும் போதாது என்று அர்த்தம். முப்பத்து மூன்று வருஷப் பழக்கத்தில் சுமியேக்கு இது தெரியும். அன்றிரவு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"நான் செஞ்சுடறேன்" என்றான் மினோரு.

"எதை?"

"மேளத்தை."

மினோரு ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவன். உலகத்தில் உள்ள சகலத்தையும் ஃப்ரிட்ஜை வைத்தே அளப்பான். "மேளத்துல என்ன இருக்கு? ஒரு பீப்பாய், ரெண்டு தோலு. ஃப்ரிட்ஜைவிட உதிரிபாகம் கம்மி. மோட்டார்கூட கிடையாது. ஆனா ஒரு கண்டிஷன்."

"என்ன?"

"இதுக்குக் கோயில் ஆளுங்க உதவி வேணும். எவனும் மனசு நோகாம வந்துட்டுப் போகணும். ஒபோன் முடியற வரைக்கும் நீ மூணு வார்த்தைதான் பேசணும். ஆமாம், அப்படியா, நன்றி."

"நாலாவதா ஒண்ணு..."

"ஆமாம். அப்படியா. நன்றி."

சுமியே புருஷனை முறைத்தாள். பிறகு யாசுயேயை நினைத்துக்கொண்டாள். "ஆமாம்" என்றாள்.

அடுத்த தோட்டத்து அர்மீனியக்காரர் பெத்ரோஸ், ஒயின் போட்டுவைத்திருந்த பழைய ஓக் பீப்பாய் ஒன்றைச் சும்மாவே கொடுத்தார். நாற்பது வருஷம் சிவப்பு ஒயின் குடித்த பீப்பாய். மினோரு இரும்பு வளையங்களைக் கழற்றியதும் பலகைகள் எல்லாம் பூப்போல விரிந்து தரையில் சாய்ந்தன. ஒவ்வொன்றையும் இழைத்து, பசை தடவி, மறுபடி நிற்கவைத்து இறுக்கினான். கோயில் ஆண்கள் வரிசையாக உதவிக்கு வந்தார்கள். வெளிப்புறம் தேய்க்க ஆள் கூப்பிட்டால் எல்லாருக்கும் முதுகுவலி வந்துவிடும். உட்புறம் தேய்க்க மட்டும் க்யூ நின்றது. பீப்பாய்க்குள் தலையை விட்டு அரை மணி நேரம் தேய்த்துவிட்டு வெளியே வந்தவர்கள் முகம் சிவந்து, பாட்டு முணுமுணுத்துக்கொண்டு, "நாளைக்கும் வரேன்" என்று சொல்லிப் போனார்கள். குரு நொமுராவே இரண்டு தடவை வந்தார்.

அடுத்தது தோல். கசாப்புக்கூடத்திலிருந்து ஒரு முழு மாட்டின் பச்சைத்தோல், உப்புப் போட்டது, மயிரோடு வந்து இறங்கியது. அதைத் தண்ணீரில் ஊறவைத்து, மயிரை வழித்து, மறுபடி ஊறவைக்க வேண்டும். மினோரு அதைத் தோளில் போட்டுக்கொண்டு நேராகக் குளியலறைக்குள் போனான். தொட்டிக்குள் மாடு படுத்தது.

"பத்து நாளுதான்" என்றான்.

"அப்படியா" என்றாள் சுமியே. அந்த ஒரு 'அப்படியா'வில் அவனுடைய அம்மா, அப்பா, பிறந்த ஊர் எல்லாவற்றுக்கும் பங்கு இருந்தது. ஆனால் பேச்சு மீறவில்லை.

மூன்றாம் நாள் வீடு முழுக்க நாறியது. சுமியே துண்டையும் சோப்பையும் எடுத்துக்கொண்டு யாசுயே வீட்டுக்குக் குளிக்கப் போக ஆரம்பித்தாள்.

அங்கே ஒரு வேடிக்கை நடந்தது. முப்பத்து மூன்று வருஷமாக சுமியே பேசுவாள், யாசுயே கேட்பாள். இப்போது சுமியேக்கு மூன்று வார்த்தைதான் கைவசம். குளித்துவிட்டு இரண்டு பேரும் பின்வாசல் படியில் பார்லி டீயோடு உட்கார்ந்தால் நடுவில் ஒரே நிசப்தம். முதல் நாள் யாசுயே வெயிலைப் பற்றிச் சொன்னாள். இரண்டாம் நாள் தக்காளிச் செடியைப் பற்றி. நாலாம் நாள் பேச வேறு எதுவும் இல்லாமல் கனாமேவைப் பற்றி ஆரம்பித்தாள்.

"அவருக்குத் தாளமே வராது தெரியுமா?"

"அப்படியா!" சுமியேக்கு நிஜமாகவே ஆச்சரியம்.

"ஓடிடுவாரு. ரெக்கார்ட் ஒரு பக்கம் போகும், இவரு ஒரு பக்கம் போவாரு. ஆடறவங்க எல்லாம் இவரைப் பாத்துத்தான் ஆடுவாங்க. பாட்டு முடியறதுக்குள்ள ஆட்டம் முடிஞ்சுடும். ரெக்கார்ட் மட்டும் தனியா பாடிக்கிட்டு இருக்கும், பாவம்."

இருவரும் டீ சிந்தச் சிந்தச் சிரித்தார்கள். எட்டாம் நாள் யாசுயே சிரிக்கவில்லை. கோப்பையைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தாள்.

"ரெக்கார்ட் மட்டும் போட்டா, அவரு எங்கேர்ந்து வருவாரு சுமியே? வந்தாலும் எங்க நிப்பாரு? நிக்கறதுக்கு ஒரு இடம் வேணாமா?" சொன்ன அடுத்த நொடியே கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "நான் எதையோ உளர்றேன். மறந்துடு. மேளம் ஆனா ஆகட்டும், ஆகலேன்னா பரவாயில்ல. யார்கிட்டயும் சொல்லாத."

சுமியேக்குள் ஆயிரம் வார்த்தைகள் முட்டின. "ஆமாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வீடு வரும்வரை அழுதுகொண்டே நடந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வழிபாடு முடிந்ததும் கோயில் கார் நிறுத்துமிடத்தில் தோல் கட்டினார்கள். ஒரு மாட்டுக்கு மூன்று வட்டம் தேறியிருந்தது. இரண்டு பக்கத்துக்கு இரண்டு, உபரியாக ஒன்று. பீப்பாயை ஒரு மேடைமேல் நிறுத்தி, வாயில் ஈரத்தோலைப் போர்த்தினார்கள். தோலின் ஓரமெங்கும் துளைபோட்டு மரக்குச்சிகளைச் செருகி, அவற்றிலிருந்து கயிறுகளைக் கீழே மேடைக்கு இழுத்துக் கட்டினார்கள். பீப்பாய்க்கு அடியில் நாலு கார் ஜாக்கிகள். ஜாக்கியை ஏற்ற ஏற்ற பீப்பாய் மேலே எழும்பும், மேலே தோல் இறுகும். எப்போது நிறுத்த வேண்டும் என்பதுதான் மொத்த வித்தையும். இறுக்கம் குறைந்தால் ஈரத்துணி. கூடினால் கிழிந்துபோகும்.

நாலு ஜாக்கிக்கு எட்டு ஆண்கள். கைப்பிடி கிரீச்சிட்டது. மினோரு ஒரு கோலால் தோலைத் தட்டினான். தொப், தொப். மறுபடி ஏற்றினார்கள். தொம். இன்னும் ஏற்றினார்கள். டம்.

"போதுமா சாமி?" என்று மினோரு குருவைக் கேட்டான்.

"செய்யறவர் நீங்க. நீங்கதான் சொல்லணும்" என்றார் குரு.

"நான் வெறும் மெக்கானிக். மொரிவாக்கி-சான் வயசுல பெரியவர். அவர் சொல்லட்டும்."

எண்பது வயது மொரிவாக்கி பதறிப்போனார். "குரு இருக்கற இடத்துல நானா? இன்னும் கொஞ்சம் ஏத்தணும்னு யாராவது நினைச்சா, நான் குறுக்க நிக்க மாட்டேன்."

யாரும் அப்படி நினைக்கவில்லை. ஆனால், வேறு யாராவது நினைத்துக்கொண்டிருந்தால் என்ன செய்வது என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள். பக்கத்து ஆளின் மனம் நோகாதிருக்க ஆளுக்கு ஒரு சுற்று ஏற்றினார்கள். அவன் ஏற்றிவிட்டானே, நாம் ஏற்றாவிட்டால் குறை சொன்னது போலாகுமே என்று அடுத்தவன் ஏற்றினான். கயிறுகள் முனக ஆரம்பித்தன.

சுமியே டீத் தட்டோடு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். மினோருவின் முழங்கைக்கு அருகே, ஒரு மரக்குச்சியின் ஓரத்தில், தோலில் வெள்ளையாக ஒரு கோடு விழுவதைப் பார்த்தாள். நகத்தளவு இருந்தது, விரலளவு ஆனது. வாயைத் திறந்தாள். மினோரு நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வையில் மூன்று வார்த்தைகளும் இருந்தன. வாயை மூடிக்கொண்டாள்.

"இன்னும் ஒரே ஒரு சுத்து?" என்றார் யாரோ.

"உங்க இஷ்டம்."

பட்டாசு வெடித்ததுபோல் தோல் கிழிந்தது. குச்சிகள் நாலா பக்கமும் பறந்தன. ஈரத்தோலின் ஒரு முனை குரு நொமுராவின் கன்னத்தில் பளாரென்று அறைந்து, கண்ணாடியை மூன்று கார் தள்ளிக் கொண்டுபோய்ப் போட்டது.

பிறகு மன்னிப்புக் கேட்கும் போட்டி தொடங்கியது. "என் தப்புதான், என் ஜாக்கி கூட ஏறிடுச்சு." "இல்ல இல்ல, என்னுதுதான்." "நான் அப்பவே சொல்லியிருக்கணும்." "பெரியவன் நான் இருந்து என்ன பிரயோஜனம்?" கன்னம் வீங்கிய குருகூட, "நான் நின்ன இடம்தான் சரியில்ல" என்று தோலிடம் மன்னிப்புக் கேட்காத குறையாகக் குனிந்தார். எட்டுப் பேரும் ஒருவரை ஒருவர் வணங்கிக்கொண்டே இருந்தார்கள். தோல் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.

"எல்லாரும் கொஞ்சம் வாயை மூடறீங்களா!"

டீத் தட்டு தரையில் கிடந்தது. சுமியே இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"நான் பாத்தேன். கிழிஞ்சுட்டு வர்றதை இந்தக் கண்ணால பாத்தேன்."

"அடிப்பாவி, பாத்தவ ஏன் சொல்லல?" என்று கத்தினான் மினோரு.

"எப்படிச் சொல்றது? ஆமாம், அப்படியா, நன்றி. இதுல எதைச் சொல்லியிருக்கணும்? நீயே சொல்லு!"

மினோரு மூக்கைச் சொறிந்துகொண்டான். கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்ட குரு நொமுரா, அதன் விரிசல் வழியாக சுமியேயைப் பார்த்தார். பிறகு அங்கேயே, அந்த வெயிலிலேயே, ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். அடுத்த ஞாயிறு தோல் கட்டும்போது 'போதும்' என்று சொல்லும் பொறுப்பு திருமதி குவஹாராவுடையது. வேறு யாரும் சொல்லவேண்டியதில்லை. எட்டுக் கைகளும் ஒரே சமயத்தில் உயர்ந்தன. எவ்வளவு நிம்மதி அவர்களுக்கு! ஊர் பயந்த வாயை ஊரே கூடிப் பதவியில் உட்கார்த்தியது அன்றுதான்.

அந்த வாரம் முழுக்க சுமியே இஷ்டத்துக்குப் பேசினாள். தக்காளி விலை, அரசாங்கம், மினோருவின் குறட்டை எதையும் விடவில்லை. ஆனால் ராத்திரி படுத்தால் அந்த வெள்ளைக் கோடு கண்ணில் வந்தது. இனி இரண்டு தோல்தான். உபரி கிடையாது. ஒபோனுக்குப் பதின்மூன்று நாள். வேறு தோல் வாங்கி ஊறவைத்துக் காயவைக்க நேரமில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு மடக்கு நாற்காலி ஒன்று போட்டு வைத்திருந்தார்கள். யாசுயே மாதர் சங்கத்தோடு வந்து, தூரத்து மேசையில் சோற்று உருண்டைகளைப் பிடித்து, ஒன்றுகூடக் கோணாமல் அடுக்கிக்கொண்டிருந்தாள். மேளத்தின் பக்கம் திரும்பவே இல்லை.

"ஏத்துங்க" என்றாள் சுமியே.

தொப். "இன்னும்." தொம். "இன்னும். மொரிவாக்கி-சான், உங்க பக்கம் தூங்குது." டம். "இன்னும்." எட்டு ஆண்களும் சந்தோஷமாக வேலை செய்தார்கள். ஒருவர் அதட்ட, மற்றவர் செய்வது இவ்வளவு சுகமா என்று அவர்களுக்கு அன்றுதான் தெரிந்தது.

டங். கயிறுகள் முனக ஆரம்பித்தன.

"போதுமாம்மா?" என்றார் குரு.

சுமியே வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. இப்போது சொன்னால் சீக்கிரமாக இருந்துவிடுமோ? ஈரத்துணி ஆகிவிடுமோ? இன்னும் ஏற்றினால் கிழிந்துவிடுமோ? சுஷியில் வினிகர் கூடினால் நாக்கு சொல்லும். இது யாசுயேயின் வீட்டுக்காரன் வந்து நிற்க ஒரு இடம். இதில் தப்பு செய்தால்?

"சுமியே!" என்றான் மினோரு.

"நீங்க..." குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "நீங்க எல்லாம் என்ன நினைக்கறீங்க?"

எட்டு ஆண்களும் பேயைப் பார்த்ததுபோல் அவளைப் பார்த்தார்கள்.

"உங்க இஷ்டம்மா" என்றார் குரு.

"இல்ல சாமி, நீங்க பெரியவங்க."

"ஐயோ, பொறுப்பு உங்களோடது."

"மொரிவாக்கி-சான் சொன்னா நான்..."

முடிந்தது கதை. மொரிவாக்கி மரியாதைக்காக அரைச் சுற்று ஏற்றினார். அவர் ஏற்றிவிட்டாரே என்று அடுத்தவர் ஏற்றினார். சுமியே தன் பங்குக்குக் குனிந்து வணங்கினாள். கயிறு கீச்சென்றது.

"போதும்!"

குரல் மேசைப் பக்கமிருந்து வந்தது. கையில் பாதி பிடித்த சோற்று உருண்டையோடு யாசுயே நின்றிருந்தாள்.

"போதும்னு சொல்றேன்ல! கையை எடுங்கய்யா எல்லாரும்!"

எடுத்தார்கள். மொரிவாக்கி இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிவிட்டார். யாசுயே கார்களுக்கு நடுவே ஓடிவந்து, குருவை இடித்துத் தள்ளி, உருண்டையை அவர் கையில் திணித்துவிட்டு, சோறு ஒட்டிய உள்ளங்கையால் தோலை அறைந்தாள். சத்தம் கோயில் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. இன்னொரு தடவை அறைந்தாள்.

"இதான். இதேதான். இருபது வருஷமா இதை வாயால அடிச்சுக் காட்டினாரு. கார்வர் மேளத்தைத் தட்டிட்டு வீட்டுக்கு வந்து, 'இப்படித் தொங்குது, ஆனா இப்படி இருக்கணும்'னு சாப்பாட்டு நேரத்துல டோங் டோங்னு கத்துவாரு. வெளிய ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரு. போன வருஷம் நீ ஓகிமோட்டோ-சான்கிட்ட சொன்னியே சுமியே, அன்னிக்கு நாங்களும் கூட வந்திருந்தோமே, திரும்பறப்ப வண்டி ஓட்ட முடியாம நிறுத்தி நிறுத்திச் சிரிச்சாரு. 'என் வாய்ல இருந்ததை அவ சொல்லிட்டா'ன்னு."

சுமியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். மார்ச்சிலிருந்து நெஞ்சில் கிடந்த கல் அப்படியே நழுவி இறங்கியது. இதை முன்னாடியே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா இந்தப் பெண்? ஆனால் யாசுயே இன்னும் முடிக்கவில்லை. எல்லாரையும் சுற்றிப் பார்த்தாள்.

"ரெக்கார்டே தாராளம்னு நான் சொன்னேன்ல? பொய். எனக்கு மேளம் வேணும். என் புருஷனுக்கு மேளம் வேணும். வெறும் ரெக்கார்டுன்னா நான் ஒபோனுக்கே வந்திருக்க மாட்டேன். வீட்லயே கதவைச் சாத்திக்கிட்டு இருந்திருப்பேன்."

குரு நொமுரா கையில் இருந்த சோற்று உருண்டையைச் சாப்பிட்டார்.

"ஆணியை எடுங்க" என்றான் மினோரு.

பித்தளைத் தலை வைத்த குமிழ் ஆணிகளை இரண்டு வரிசையாக அடித்தார்கள். அப்புறம் மேளத்தைப் புரட்டிப்போட்டு மறுபக்கம் கட்டினார்கள். அந்தப் பக்கத்துக்கு நாற்காலியில் யாசுயே உட்கார்ந்தாள். சுமியே அவள் பக்கத்தில் நின்று, சோற்று உருண்டைகளில் உப்பு குறைவு என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒபோன் அன்று சாயங்காலமும் வெயில் இறங்கவில்லை. காகித விளக்குகள் காற்றில்லாமல் தொங்கின. மேளம் வாசலின் நடுவே மேடைமேல் நின்றது. சூட்டில் ஓக் பலகையிலிருந்து நாற்பது வருஷ ஒயின் வாசனை கிளம்பி, கூடவே லேசாக மாட்டு வாசனையும் வந்தது. மேடையை ஒட்டி ஆட விரும்பியவர்கள் வழக்கத்தைவிட அதிகம். இரண்டு வாரமாகப் பழைய ஃப்ரிட்ஜ் கதவுகளில் அடித்துப் பழகியிருந்த மினோரு, நெற்றியில் துண்டு கட்டிக்கொண்டு கோல்களைத் தூக்கினான்.

முதல் அடி விழுந்ததும் காத்திருந்த கூட்டம் முழுக்க ஒரு அங்குலம் நிமிர்ந்தது. கார்வரிலிருந்து வந்திருந்த ஓகிமோட்டோ கண்ணை மூடிக் கேட்டார். முதல் பாட்டு முடிந்ததும் சுமியேயிடம் வந்து, வெயிலைப் பற்றி ஐந்து நிமிஷமும் திராட்சையைப் பற்றிப் பத்து நிமிஷமும் பேசிவிட்டு, அடுத்த வாரம் கார்வர் ஒபோன் என்றும், அவர்களுடைய மேளம் இன்னும் படுத்த படுக்கையாக இருப்பதாகவும் காற்றிடம் சொல்வதுபோல் சொன்னார்.

"எடுத்துட்டுப் போங்க" என்றாள் சுமியே. "உங்களுதுக்குத் தோல் மாத்தறப்ப சொல்லுங்க. யாசுயேவை அனுப்பறேன். அவளுக்கு வாய் ஜாஸ்தி."

ஓகிமோட்டோ இந்தத் தடவை நிஜமாகவே சிரித்தார்.

மூன்றாவது பாட்டில் வட்டம் பெரிதானது. அந்த வருஷம் ஆளைப் பறிகொடுத்த குடும்பங்கள் உள்வட்டத்தில், மேளத்துக்குப் பக்கத்தில் ஆடின. யாசுயே நீலக் கிமோனோவில், ஒரு அசைவுகூடப் பிசகாமல் ஆடிக்கொண்டிருந்தாள். கையைத் தூக்கினாள், திரும்பினாள், இரண்டடி முன்னால் வைத்தாள், நின்றுவிட்டாள். மேளத்துக்கு நேர் எதிரே. பிறகு வாய்விட்டு, குழந்தைபோல் ஓவென்று அழுதாள்.

லோமாஸ் ஊரில் யாரும் நாலு பேர் முன்னால் அப்படி அழுததில்லை. ஆடிக்கொண்டிருந்த இருநூறு பேரும் மரியாதையாக அந்தப் பக்கம் பார்க்காமல் அவளைச் சுற்றி விலகி ஆடினார்கள். மேடைமேல் மினோரு ஒரு அடியைத் தவறவிட்டான்.

"நீ அடி!" என்று புருஷனைப் பார்த்துக் கத்திவிட்டு, சுமியே வெளிவட்டத்திலிருந்து இரண்டு வரிசையைக் கிழித்துக்கொண்டு உள்ளே வந்தாள். வழியில் மொரிவாக்கியின் காலை மிதித்தாள். மன்னிப்புக் கேட்கவில்லை. யாசுயேயின் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டாள்.

"அழு. யாரு என்ன சொல்லிடுவாங்க? நல்லா அழு. நான் நிக்கறேன்."

"அவரு வரலடி" என்றாள் யாசுயே விக்கலுக்கு நடுவே. "மேளம் நல்லா இருக்கு. அவ்வளவு நல்லா இருக்கு. ஆனா அவரு வரல. நான் பாத்துக்கிட்டே இருந்தேன்."

வந்திருப்பார் என்று சொல்லலாம். சுற்றி இருந்த இருநூறு பேரும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். சுமியே வாயைத் திறந்தாள், தோழியின் முகத்தைப் பார்த்தாள்.

"வரலதான்" என்றாள். அவள் கண்ணிலிருந்தும் கொட்டியது. "என் கண்ணுக்கும் அவரு தெரியல. நானும் தேடினேன்."

யாசுயே அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். மார்ச்சிலிருந்து ஊர் முழுக்க அவளுக்கு எவ்வளவோ ஆறுதல் சொல்லியிருந்தது. எல்லாவற்றுக்கும் அவள் பணிவாக நன்றி சொல்லியிருந்தாள். இப்போது நன்றி சொல்லவில்லை. தோழியின் கிமோனோத் தோளில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அவள் கையை இறுகப் பிடித்து வட்டத்துக்குள் இழுத்தாள். பாட்டு பாதிக்கு மேல் ஓடிவிட்டிருந்தது. இருவரும் எந்த அடி என்று தெரியாமல் கிடைத்த அடியை எடுத்து வைத்து, இடித்துக்கொண்டு ஆடினார்கள்.